மழை லீவு மெசேஜை செக் பண்ணத் தெரிஞ்ச பசங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில கொஞ்ச நாளா ஒரே பல்லவியா வந்துட்டு இருக்கு. பசங்க போனைப் பாத்து கெட்டுப்போறாங்க, வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் அப்படியே நம்புறாங்க, யோசிக்கிற பழக்கமே போயிடுச்சு, போனைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டுங்கன்னு. எழுதுறவங்க பெரும்பாலும் என் வயசுக்காரங்க. நான் பெரம்பூர்ல 9ஆவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் மேத்ஸும் பிசிக்ஸும் டியூஷன் எடுக்கிறேன், சாயங்காலம் ஆனா இந்தப் பசங்களோடதான் பொழுது போகுது, அதனால எனக்கு இதுல வேற அபிப்பிராயம் இருக்கு. கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டினாலும் பரவால்ல, அர்த்தம் மாறாம வெட்டுங்க.

பசங்களுக்கு எதையும் செக் பண்ணத் தெரியாதுன்னு சொல்றவங்க நவம்பர் மாசம் நல்லா மழை கொட்டுற ராத்திரி 9 மணிக்கு ஒரு சென்னைப் பையனுக்கு "நாளைக்கு லீவு"ன்னு ஒரு மெசேஜ் தட்டிவிட்டுப் பாருங்க. துள்ளிக் குதிப்பான்னு நினைப்பீங்க, மாட்டான். முதல்ல அது எந்த வருஷத்து ஸ்க்ரீன்ஷாட்டுன்னு பாப்பான், ஏன்னா போன வருஷத்து நியூஸ் கார்டையே தேதியை மட்டும் வெட்டிட்டு அனுப்புற ஆளு எல்லா கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான். தேதி இருந்தா கிழமை ஒத்து வருதான்னு பாப்பான். அப்புறம் சென்னைக்கா, திருவள்ளூருக்கா, செங்கல்பட்டுக்கா, காஞ்சிபுரத்துக்கான்னு பாப்பான், ஏன்னா ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அந்தந்த கலெக்டர்தான் லீவு விடணும், ஆவடியில வீடு இருந்து ஸ்கூல் சென்னைக்குள்ள இருந்தா வீடு இருக்கிற மாவட்டத்துக்கு லீவு, ஸ்கூல் இருக்கிற மாவட்டத்துக்கு இல்லைங்கிற கொடுமையெல்லாம் நடக்கும். ஸ்கூலுக்கு மட்டுமா காலேஜுக்கும் சேத்தான்னு படிப்பான். டிவி சேனல் லோகோ போட்ட கார்டா இருந்தா நேரா அந்த சேனல் பேஜுக்கே போய் அந்த கார்டு அங்க இருக்கான்னு தேடுவான், எழுத்து கொஞ்சம் கோணலா இருந்தாலே "டேய் இது எடிட்டு"ன்னு சொல்லிடுவான். கலெக்டர் பக்கத்தைப் பாப்பான், வேற ஸ்கூல்ல படிக்கிற மாமா பொண்ணுக்கு போன் போடுவான், கடைசியா ஸ்கூல் குரூப்ல மிஸ் போட்டாதான் பேகைத் தூக்கி ஓரமா வைப்பான்.

இதை எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கல சார். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில சாம் வைன்பர்க், சாரா மெக்ரூன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள், அந்த யுனிவர்சிட்டி மாணவர்கள், தொழிலாவே செய்தி சரிபார்க்கிற ஃபேக்ட் செக்கர்கள்னு மூணு கூட்டத்தையும் உக்கார வெச்சு, தெரியாத வெப்சைட்டுகளைக் காட்டி நம்பலாமா சொல்லுங்கன்னு கேட்டாங்க. பேராசிரியர்களே லோகோவையும் அழகான பேரையும் பாத்து ஏமாந்தாங்க, அந்த பக்கத்துலயே மேலயும் கீழயும் படிச்சிட்டு இருந்தாங்க. ஃபேக்ட் செக்கர்ஸ் அதுல ரொம்ப நேரம் நிக்கவே இல்ல, உடனே வெளிய வந்து வேற டேப் திறந்து இவங்க யாரு, மத்தவங்க இவங்களைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தேடிப் போயிட்டாங்க. நம்ம மழை லீவு பையன் செய்யறதும் அதேதான், மெசேஜை உத்து உத்துப் பாக்கிறதை விட்டுட்டு மெசேஜுக்கு வெளிய போய்த் தேடுறான்.

அப்போ பிரச்சனை எங்கன்னா, இதே பையன் மறுநாள் "திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு நேரா மேல வர்ற சாட்டிலைட்டெல்லாம் 3 செகண்டு ஸ்தம்பிச்சு நிக்குது, நாசாவே அதிர்ச்சி"ன்னு ஒரு ரீல்ஸ் வந்தா அப்படியே ஸ்டேட்டஸ்ல வைக்கிறான். ஏன்னு நான் யோசிச்சுப் பாத்தேன். லீவு விஷயத்துல தப்பா நம்பினா காலைல 8 மணிக்கே தெரிஞ்சிடும், லீவுன்னு நினைச்சு தூங்கிட்டு ஆப்சென்ட் வாங்கினா வீட்ல அடி, ஸ்கூல்ல திட்டு. பலன் உடனே கைக்கு வருது, அதனால தானா கத்துக்கிட்டான். திருநள்ளாறு சாட்டிலைட்டை நம்பினா அவனுக்கு ஒண்ணும் ஆகாது, யாரும் வந்து தப்புன்னு சொல்லப்போறதும் இல்ல. அந்த இடத்துலதான் ஸ்கூல் வரணும்னு நான் சொல்றேன்.

இதுல வேடிக்கை என்னன்னா இந்த சாட்டிலைட் கதையை உடைக்க கூகுள் கூட வேணாம், பிளஸ் ஒன் பிசிக்ஸ் புக்கே போதும். ஈர்ப்பியல் பாடத்துல சாட்டிலைட்டோட வேகம் கண்டுபிடிக்கிற கணக்கு இருக்கு, நம்ம பசங்க அதை கண்ணை மூடிட்டுப் போடுவாங்க, நாலஞ்சு மார்க் வரும். தாழ்வா சுத்துற சாட்டிலைட் செகண்டுக்கு சுமார் ஏழரை கிலோமீட்டர் ஓடுது, ஓட்டம்தான் அதை மேல வெச்சிருக்கு, நின்னுச்சுன்னா விழவேண்டியதுதான், 3 செகண்டு நின்னுட்டு ஆட்டோ மாதிரி திரும்ப கிளம்ப முடியாது. பூமியில இருந்து பாத்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி தெரியற புவிநிலை சாட்டிலைட் ஒண்ணு இருக்கே சார்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி, ஆனா அது 36,000 கிலோமீட்டர் உயரத்துல பூமத்திய ரேகைக்கு நேர் மேலதான் இருக்க முடியும், திருநள்ளாறு கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கே இருக்கு. சாமி கும்பிடறது வேற, அதுல நான் தலையிடல, எங்க வீட்டுலயே சனிப்பெயர்ச்சிக்கு போயிட்டு வருவாங்க. பரீட்சையில கணக்கு போடற மூளையும் ஃபார்வேர்டு பண்ற விரலும் ஒரே ஆளுக்குள்ள இருந்தும் ஒண்ணுக்கொண்ணு அறிமுகமே இல்லாம இருக்கே, அதான் எனக்கு ஆதங்கம்.

சாட்டிலைட் கதையால யாரும் சாகப்போறதில்ல. ஆனா 2018 மே மாசத்தை சென்னைக்காரங்க மறக்கக்கூடாது. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்குன்னு வாட்ஸ்அப்ல வட மாவட்டம் பூரா மெசேஜ் சுத்திட்டு இருந்த நேரம், பல்லாவரத்துல இருந்து குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பின ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வழி கேக்க வண்டியை நிறுத்தினாங்க, கையில இருந்த சாக்லேட்டை அங்க இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். 65 வயசு அம்மா ஒருத்தரை ஊரே சேந்து அடிச்சுக் கொன்னுட்டாங்க. அதே மாசம் பழவேற்காட்டுலயும் ஒருத்தரை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அந்தக் காலகட்டத்துல இந்தியா முழுக்க சுத்தின வீடியோக்கள்ல ஒண்ணு, பைக்ல வர்ற ரெண்டு பேர் தெருவுல விளையாடற குழந்தையைத் தூக்கிட்டுப் போற வீடியோ. அது பாகிஸ்தான்ல கராச்சியில குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். கடைசியில பைக்காரங்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டுட்டு ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க, அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிட்டு சுத்தவிட்டுட்டாங்க. அந்த ஜூலையில வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டுவந்ததுக்கு இந்த மாதிரி சாவுகள்தான் காரணம்.

நான் கிளாஸ்ல இந்த வீடியோ கதையைச் சொல்லிட்டு பசங்க கிட்ட ஒரே ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்தப் பாக்கிறேன், இந்த கிளிப்புக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு? கேமரா வெச்சவன் யாரு, குழந்தையைக் கடத்தும்போது எவனாவது அவ்வளவு நிதானமா படம் எடுப்பானா? இந்தக் கேள்வி வந்துட்டா பாதி வீடியோ அங்கயே படுத்துடும்.

சொல்லிக்கொடுத்தா மட்டும் மாறிடுமான்னு கேக்கறவங்களுக்கு நம்ம நாட்டுலயே ஆதாரம் இருக்கு, அதுவும் ரெண்டு பக்கமும் இருக்கு. பீகார்ல 2019 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்துல சுமித்ரா பத்ரிநாதன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1,224 பேரை எடுத்துக்கிட்டு, வீடு வீடா ஆள் போய் சுமார் ஒரு மணி நேரம் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு பெரியவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாத்தாங்க. மொத்தத்துல பெருசா ஒண்ணும் மாறல. அப்புறம் அவங்களும் கூட சில பேரும் சேந்து அதே பீகார்ல 583 கிராமங்கள்ல 13,500க்கு மேற்பட்ட ஸ்கூல் பசங்களை வெச்சு, இந்த தடவை ஒரே நாள்ல முடிக்காம சில வாரங்களுக்குப் பரவலா நாலு வகுப்பா எடுத்தாங்க, பாதிப் பேருக்கு மட்டும் இது, மீதிப் பேருக்கு இங்கிலீஷ் கிளாஸ். பொய்யையும் நிஜத்தையும் பிரிச்சுப் பாக்கிறதுல இந்தப் பசங்க தெளிவா முன்னேறினாங்க, மாசங்கள் கழிச்சு கேட்டப்பவும் அது போகல, அதைவிட முக்கியம் வீட்டுல இருந்த அப்பா அம்மாவுக்கும் அது கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. பெரியவங்களுக்கு நேரா சொன்னப்ப ஏறாதது பசங்க வழியா ஏறியிருக்கு பாருங்க!

பீகார்னு சொன்னதும் 2023 மார்ச் ஞாபகம் வருது. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு இந்தியில வீடியோ வீடியோவா பரவிச்சு. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைன்னு எல்லா ஊர்லயும் தொழிலாளிங்க மூட்டை கட்டிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க. அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திர பாபுவே வீடியோவுல வந்து, அந்த வீடியோக்கள்ல ஒண்ணு பீகார்காரங்களுக்குள்ளயே நடந்த சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர் உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்ததுன்னு விளக்கம் கொடுக்க வேண்டியதாச்சு. பீகார் அரசுல இருந்து குழு வந்து பாத்துட்டுப் போனாங்க. நாம 2018ல வெளியாளைப் பாத்து பயந்த மாதிரிதான் அவங்க நம்மளைப் பாத்து பயந்தாங்க. பொய்க்கு பாஷை ஒரு பிரச்சனையே இல்ல, திருத்தத்துக்குத்தான் மொழிபெயர்ப்பு தேவைப்படுது.

இப்போ ஸ்கூல்ல இதைக் கொண்டுவந்தா எப்படிக் கொண்டுவருவாங்கன்னு நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு சார். ஒரு நாள் "விழிப்புணர்வு தினம்", சார்ட்ல போஸ்டர் போட்டி, ஹெச்.எம். உரை, உறுதிமொழி, போட்டோ, முடிஞ்சுது. இல்லன்னா புக்ல ஒரு பாடமா வெச்சு "போலிச் செய்தியின் ஐந்து அடையாளங்கள் யாவை"ன்னு 5 மார்க் கேள்வியாக்கி மனப்பாடம் பண்ண வெச்சிடுவாங்க, பசங்க அஞ்சையும் அட்சரம் பிசகாம எழுதிட்டு வெளிய வந்து போனை எடுத்து அடுத்த பொய்யை ஃபார்வேர்டு பண்ணுவாங்க. இது தனிப்பாடமா இருக்கவே வேணாம். பிசிக்ஸ்ல அந்த சாட்டிலைட் கணக்கு, மேத்ஸ்ல கிராஃபோட அச்சு பூஜ்யத்துல இருந்து தொடங்குதா இல்ல நடுவுல இருந்து தொடங்கி சின்ன ஏத்தத்தை மலையாக் காட்டுதான்னு ஒரு கேள்வி, ஜியாகிரஃபியில வருஷா வருஷம் "தீபாவளி ராத்திரி இந்தியாவை நாசா எடுத்த படம்"னு சுத்துற அந்தக் கலர் படம் (அது ஒரு ராத்திரி படமே இல்ல, பல வருஷத்து சாட்டிலைட் பதிவை ஒண்ணா சேத்து கலர் போட்டது, வெளிச்சம் எங்க எப்போ கூடிச்சுன்னு காட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் செஞ்சது), தமிழ்ல ஒரு செய்தியையும் ஒரு கருத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது எதுன்னு பிரிக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் போதும், ஆனா வருஷம் பூரா நடக்கணும்.

இன்னொரு பயம், அரசாங்கம் சொன்னா உண்மை மத்ததெல்லாம் பொய்னு சுருக்கமா முடிச்சிடுவாங்களோன்னு. அப்படிச் சொன்னா பெரிய பசங்க சிரிப்பாங்க. 2004 சுனாமி வந்து நாலு நாள்ல, டிசம்பர் 30ஆம் தேதி, மறுபடியும் சுனாமி வரலாம்னு எச்சரிக்கை விட்டது மத்திய உள்துறையேதான், கடற்கரை ஜனம் அத்தனை பேரும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடினாங்க, அலை வரல. 2015 டிசம்பர் வெள்ளத்துல பிரதமர் ஹெலிகாப்டர்ல இருந்து சென்னையைப் பாக்கிற மாதிரி மத்திய அரசோட பத்திரிகை தகவல் அலுவலகம் போட்ட படத்துல ஜன்னல் காட்சியை வேற படத்துல இருந்து ஒட்டியிருந்தாங்க, ஊரே கிண்டல் பண்ணினப்புறம் எடுத்துட்டாங்க. அதே வெள்ளத்துல முதலைப் பண்ணையில இருந்து முதலைங்க தப்பிச்சு வெளிய வந்துடுச்சுன்னு கிளம்பின புரளிக்கு, அப்படி எதுவும் நடக்கலன்னு பண்ணைக்காரங்களே சொல்ல வேண்டியிருந்துச்சு. அரசு அறிவிப்பு முக்கியமான ஆதாரம்தான், ஆனா அதையும் கேள்வி கேட்டு ஒத்துப் பாக்கிறதுக்குப் பேர்தான் படிப்பு.

அதேநேரம் எல்லாத்தையும் சந்தேகப்படுன்னு சொல்லிவிட்டுட்டா அதுவும் ஆபத்து. 2024 அக்டோபர்ல சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தாங்க ஞாபகம் இருக்கா, வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தினாங்களே, 16ஆம் தேதி எதிர்பார்த்த மழை வரல, மழையைக் கொண்டுவர வேண்டிய காத்தழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகந்துடுச்சு. அன்னைக்கு என் கிளாஸ்ல எல்லாரும் "வானிலை ஆபீஸ் ஃபேக் நியூஸ் விட்டுட்டாங்க சார்"னு ஒரே சிரிப்பு. அதுக்கு ஒரு மணி நேரம் செலவாச்சு, கணக்கே நடத்தல. ரெட் அலர்ட்னா 20 சென்டிமீட்டருக்கு மேல அதி கனமழைக்கு வாய்ப்பு இருக்கு, தயாரா இருங்கன்னு அர்த்தம், பெய்யும்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் இல்ல. தெரிஞ்ச விவரத்தை வெச்சு நேர்மையா கணிச்சு தப்பா போறது ஒண்ணு, பொய்னு தெரிஞ்சே கிளப்பிவிடறது இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டா அடுத்த தடவை நிஜமா வெள்ளம் வரும்போது எவன் காரை எடுப்பான்? எல்லாமே ஃபேக்னு சொல்ற பையனைப் பாத்தா எல்லாத்தையும் நம்புற பையனை விட எனக்கு கவலை ஜாஸ்தி, ஏன்னா இவனுக்கு தான் புத்திசாலின்னு ஒரு நினைப்பு வேற இருக்கு.

ஏஐ வந்தப்புறம் இந்த ரெண்டாவது வியாதிதான் வேகமா பரவுது. 2018ல மறைஞ்ச கலைஞர் 2024ல மேடைத் திரையில வந்து ஏஐ குரல்ல வாழ்த்துப் பேசினதை எல்லாரும் பாத்தோம், அது ஏஐன்னு சொல்லிட்டு செஞ்சது. சொல்லாம செய்யறவங்களும் இருக்காங்கன்னு பசங்களுக்கு நல்லாத் தெரியும், ஆறு விரல் இருக்கா, உதடு ஒத்துப்போகுதான்னெல்லாம் பாக்கிறாங்க, அதுவும் கொஞ்ச நாள்தான் உதவும், விரலெல்லாம் இப்போ சரியா வந்துடுது. திரும்பவும் அந்த மழை லீவு முறைக்கே போகவேண்டியதுதான், படத்தை உத்துப் பாக்காம படத்துக்கு வெளிய போ, முதல்ல போட்டது யாரு, வேற யாராச்சும் சொல்றாங்களா.

வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும். ஃபேமிலி குரூப்ல பொய்யா ஒரு மெசேஜைப் போடறது பெரும்பாலும் பசங்க இல்ல சார், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, ரிட்டையர் ஆன நாமதான். கண்டுபிடிக்கிறது பசங்க, ஆனா வாயைத் திறந்தா "பெரியவங்க கிட்ட எதிர்த்துப் பேசறியா"ன்னு ஒரு வார்த்தையில அடைச்சிடுவாங்க. என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு, அவ பெரியப்பா போட்ட ஒரு மருந்து மெசேஜ் பழைய புரளின்னு குரூப்லயே லிங்க் போட்டா, ரெண்டு நாள் வீட்ல பஞ்சாயத்து. இப்போ அவ குரூப்ல ஒண்ணும் சொல்றதில்ல, தனியா அவருக்கு மட்டும் "பெரியப்பா, இது எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா"ன்னு அனுப்பறாளாம், அவரே விசாரிச்சிட்டு சத்தமில்லாம டெலிட் பண்ணிடறாராம். 16 வயசுல இந்த பக்குவம் எங்களுக்கெல்லாம் இல்ல. கிளாஸ்லயும் இதே கதைதான், வாத்தியார் சொன்னதை ஒரு பையன் "அப்படி இல்லையே சார்"னு சொன்னா எத்தனை கிளாஸ்ல அவன் உக்காந்த இடத்துல உக்கார முடியும்? கேள்வி கேக்கிறவனை வெளிய நிக்க வெச்சிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் கேள்வி கேளுடான்னா எப்படி கேப்பான்.

கடைசியா உங்களுக்கே ரெண்டு கோரிக்கை. நம்ம பேப்பர்ல தப்பு வந்தா மறுநாளோ அடுத்த வாரமோ ஏதோ ஒரு மூலையில பொடி எழுத்துல திருத்தம்னு போடறீங்க. தப்பு எந்தப் பக்கத்துல வந்துச்சோ அதே பக்கத்துல, கண்ணுக்குத் தெரியற எழுத்துல போடுங்க, எங்க தப்பினோம், எப்படித் தெரிஞ்சுதுன்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. ரெண்டாவது, மாணவர் பக்கத்துல வாராவாரம் அந்த வாரம் சென்னையில அதிகம் சுத்தின ஒரு ஃபார்வேர்டை எடுத்து, உங்க நிருபர் யாருக்கு போன் போட்டாரு, என்ன கேட்டாரு, எங்க மாட்டிக்கிட்டாரு, எப்படி உறுதி பண்ணினாருன்னு படிப்படியா எழுதுங்க. "இது பொய்"னு முத்திரை குத்தி முடிவை மட்டும் சொல்ற பக்கம் வேணாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கு, வழி தெரியணும். சில வாரம் நிஜமான செய்தியையும் எடுத்துக்கோங்க, சந்தேகப்பட்டு விசாரிச்சோம், உண்மைன்னு தெரிஞ்சுதுன்னு எழுதினாதான் பசங்களுக்கு சமநிலை வரும். நீங்க ஆரம்பிச்சா அந்தப் பக்கத்தை கட் பண்ணி என் டியூஷன் போர்டுல ஒட்டறது என் பொறுப்பு, அதுல ஓட்டை கண்டுபிடிச்சு உங்களுக்கே கடிதம் எழுதற வேலையை பசங்க பாத்துப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
பெரம்பூர், சென்னை.